சிவப்புக் கோட்டுக்கு மேல்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன் அக்கா, விசாரணை நடந்த அந்த அறையில் நான் இல்லை. அங்கே நடந்ததெல்லாம் தாமு அண்ணன் சொல்லி நான் கேட்டது. அவர் எங்கள் பட்டறையில் மாடல்களை வண்டியில் ஏற்றி, கொண்டுபோய் மேஜையில் வைத்து, கையில் ஒரு மெல்லிய துணியோடு பக்கத்திலேயே நிற்பவர். யாராவது தொட்டுவிட்டால் கைரேகையைத் துடைக்க வேண்டும், அதற்கு. அவர் கொஞ்சம் கூட்டிச் சொல்கிற ஆள். அதனால் அவர் சொன்னதை அவர் சொன்னதாகவும், நான் பார்த்ததை நான் பார்த்ததாகவும் பிரித்துச் சொல்கிறேன். கலந்து சொல்லிவிட்டால் எனக்கு மனசு ஆறாது.

பஸ்ஸில் உட்கார்ந்ததும் நீங்கள் கேட்டீர்கள் இல்லையா, படித்த பெண்ணுக்கு ராணிப்பேட்டையில் ஞாயிற்றுக்கிழமை என்ன வேலை என்று. மாடல் செய்கிற வேலை. கட்டடம் கட்டுவதற்கு முன்னால் சின்னதாக ஒன்று செய்து கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பார்களே, அது. பொம்மையா என்று கேட்காதீர்கள், என் அம்மா அப்படித்தான் கேட்கிறாள்.

அதிலும் நான் செய்வது ஒன்றே ஒன்றுதான். திரவம். நீச்சல் குளத்துத் தண்ணீர், ஆய்வுக்கூட மாடலில் குடுவைக்குள் இருக்கிற மருந்து, பால் பண்ணை மாடலில் கண்ணாடிக் குழாய்க்குள் ஓடுகிற பால். இதெல்லாம் நான். தண்ணீர்தானே, ஊற்றிவிட்டால் போச்சு என்பார்கள். நிஜத் தண்ணீரை ஊற்றினால் தண்ணீர் மாதிரியே இருக்காது அக்கா. அவ்வளவு சின்னக் குழாயில் அது எச்சில் மாதிரி ஒட்டிக்கொண்டு நிற்கும். நாலு நாளில் காய்ந்தும் போகும். ரெசின் ஊற்ற வேண்டும். இரண்டு டப்பாவிலிருந்து அளந்து எடுத்து, குமிழ் வராமல் மெதுவாகக் கலந்து, ஊசி போடுகிற சிரிஞ்சால் அடியிலிருந்து ஏற்ற வேண்டும். ஒரு நாள் அப்படியே விட்டால் கல்லாக இறுகிவிடும். மேல்மட்டம் தட்டையாக இருந்தால் பார்க்கிறவருக்குப் பிளாஸ்டிக் என்று தெரிந்துவிடும். ஓரத்தில் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு ஒரு மயிரளவு ஏறியிருக்க வேண்டும். உங்கள் கையிலிருக்கிற தண்ணீர் பாட்டிலைப் பாருங்கள், ஏறியிருக்கும். யாரும் அதைக் கவனிப்பதில்லை. ஆனால் அது இல்லாவிட்டால் ஏதோ பொய் என்று எல்லோருக்கும் தோன்றிவிடும்.

நான் எதையும் கவனமாகச் செய்கிறவள். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான்தான். தாசில்தார் ஆபீஸில் அதற்கென்று ஒரு சான்றிதழ் தருவார்கள், கல்லூரிக் கட்டணம் குறையும். அப்பா அதை லேமினேஷன் செய்து சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். முதல் வருடம் ரெக்கார்டு நோட்டில் ஒரு புள்ளி தள்ளி வைத்ததற்கு மேடம் சிவப்பு மையில் ‘கவனக்குறைவு’ என்று எழுதினார்கள். அந்தப் பக்கத்தை இரண்டு நாள் உட்கார்ந்து புதிதாக எழுதினேன். அந்த ஒரு வார்த்தையை யாரும் என்னைப் பார்த்துச் சொல்லக் கூடாது அக்கா. வேறு என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும்.

போன வருடம் ஏப்ரலில் ராணிப்பேட்டைப் பக்கத்து ரசாயனத் தொழிற்சாலை ஒன்றிலிருந்து வந்தார்கள். பெயர் வேண்டாம். அங்கே பிப்ரவரி பத்தொன்பதாம் தேதி ஒரு விபத்து. காஸ்டிக் சோடாக் கரைசலைக் காய்ச்சுகிற டேங்க் நிரம்பி, மேலே இருக்கிற குழாய் வழியாகக் கொதிக்கக் கொதிக்கக் கொட்டியிருக்கிறது. கீழே நின்ற ஆபரேட்டர், பெயர் ஏழுமலை, இருபத்திரண்டு வருட சர்வீஸ், மேலே என்ன சத்தம் என்று நிமிர்ந்து பார்த்திருக்கிறார். இரண்டு கண்ணும் போய்விட்டது.

அவர் மேலேயே நிர்வாகம் விசாரணை வைத்தது. டேங்குக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடிக் குழாய் உண்டு, லெவல் கிளாஸ் என்பார்கள். உள்ளே எவ்வளவு இருக்கிறதோ அதே உயரத்துக்கு அந்தக் குழாயிலும் நிற்கும். சிவப்புக் கோட்டைத் தொட்டால் பம்ப்பை நிறுத்த வேண்டும். ஏழுமலை பார்க்கவில்லை, நிறுத்தவில்லை, அதனால் அவருடைய கவனக்குறைவு என்பது நிர்வாகம் சொன்னது. கண்ணாடி மாதக்கணக்காகக் கறை பிடித்துக் கிடந்தது, உள்ளே எதுவும் தெரியாது, மாற்றச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டோம் என்பது அவர் சொன்னது. டேங்கை அதற்குள் பிரித்து எடுத்துவிட்டார்கள். அதனால்தான் விசாரணையில் வைத்துக் காட்ட மாடல்.

இதில் யாருக்கு என்ன போகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவர் தப்பு இல்லை என்று முடிந்தால், காண்டிராக்டில் அங்கே கேண்டீனில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அவர் மனைவி அஞ்சலைக்கு நிரந்தர வேலை. தப்பு என்று முடிந்தால் அவருக்கு டிஸ்மிஸ், அந்த அம்மாவும் வெளியே. இது எனக்கு அப்போது தெரியாது. தாமு அண்ணன் பிறகு சொன்னது.

படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். ஐந்து படம். அதில் ஒன்றில் லெவல் கிளாஸ் கிட்டத்தில் தெரிந்தது. டீ வடிகட்டுகிற துணி இருக்குமே, ஒரு மாதம் ஆனது, அந்த நிறம். நான் அதை அப்படியே செய்தேன் அக்கா. மூன்று நாள். பத்தில் ஒரு பங்கு மாடல் என்பதால் குழாய் மூன்றே மில்லிமீட்டர். ஊசி முனையில் பஞ்சு சுற்றி, உள்பக்கம் பழுப்பு, அதற்கு மேல் வெள்ளை பூத்த மாதிரி ஒரு படலம், அங்கங்கே வழிந்த கோடு. அதற்கப்புறம்தான் ரெசின். பின்னால் விளக்கு வைத்துப் பார்த்தால்கூட மட்டம் எங்கே என்று தெரியாது. அவ்வளவு சரியாக வந்திருந்தது.

தொழிற்சாலை மேனேஜர் வரதராஜன் நேரில் பார்க்க வந்தார். எங்கள் முதலாளி ஜெயசீலன் சாரும் பக்கத்தில். வரதராஜன் சார் குனிந்து பார்த்தார்.

“என்னங்க இது, பசை வழிஞ்சிருக்கு?”



“பசை இல்ல சார். போட்டோல அப்படித்தான் இருக்கு.”

“எந்த போட்டோ? அது பழசும்மா. நம்ம பையன் மாத்தி அனுப்பிட்டான். ஜனவரியிலயே கிளாஸ் மாத்தியாச்சு. நான் வேற அனுப்பறேன், அதப் பாத்துச் செய்.”

அதோடு விட்டிருக்கலாம். அவர் ஜெயசீலன் சாரைப் பார்த்துச் சிரித்தார். “உங்க ஆளுங்க கொஞ்சம் கவனமா இருக்கலாம் சார்.”

ஜெயசீலன் சார் என்னைப் பார்த்தார். “ஏம்மா, எத்தனை தடவ சொல்லியிருக்கேன்? கண்ணாடின்னா கண்ணாடியா இருக்கணும். அதுல ஒரு புள்ளி இருந்தாலும் பாக்கறவன் நம்ம கைதான் அழுக்குன்னு சொல்லுவான். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாசம் ஆகல, உனக்கு எதுக்கு இந்தக் கலைவேலையெல்லாம்?”

அவர் சொன்னதில் தப்பில்லை. எங்கள் தொழிலில் அதுதான் சட்டம். சுவரில் விரிசல் வைக்கலாம், கூரையில் பாசி வைக்கலாம், மெச்சுவார்கள். கண்ணாடியில் கறை வைத்தால் பட்டறைக்காரன் துடைக்க மறந்துவிட்டான் என்பார்கள்.

புதுப் படம் வந்தது. குழாய் பளிச்சென்று இருந்தது. நான் மறுபடி செய்தேன். அக்கா, அந்த இரண்டாவது குழாயை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒரு குமிழ் இல்லை. ஓரத்தில் அந்த மயிரளவு ஏற்றம். சிவப்புக் கோட்டுக்கு மேலே இரண்டு மில்லிமீட்டர், நிஜத்தில் இரண்டு சென்டிமீட்டர், அவர்கள் கொடுத்த வரைபடத்தில் என்ன இருந்ததோ அதே. கதவருகே நின்றால்கூடத் தெரியும். ஜெயசீலன் சார் பார்த்துவிட்டு, “இது” என்றார். அவ்வளவுதான் சொன்னார். அன்றைக்கு வீட்டுக்கு நடந்தே போனேன்.

இனிமேல் தாமு அண்ணன் சொன்னது.

ஜூன் மாதம். தொழிற்சாலை ஆபீஸில் ஒரு ஏசி ரூம். விசாரிக்கிறவர் வெளியிலிருந்து வந்த வக்கீல். வரதராஜன் சார், இன்னும் நாலைந்து ஆபீஸர்கள். ஏழுமலை கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, மனைவி கையைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார். தாமு அண்ணன் துணியோடு மேஜை ஓரத்தில்.

வக்கீல் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாராம்: “ஏழுமலை, உங்க முன்னாடி டேங்க் மாடல் இருக்கு. லெவல் கிளாஸ் எதுன்னு காட்டுங்க.”



“சார், எனக்குக் கண்ணு தெரியாதுங்க சார்.”

“கண்ணு தெரிஞ்சப்பவே பாக்கலையே” என்றாராம் வரதராஜன் சார். சிரித்தார்களாம். இங்கேதான் எனக்குச் சந்தேகம். ஒருவர் இரண்டு பேர் சிரித்திருக்கலாம். எல்லோரும் சிரித்திருப்பார்களா?

வக்கீல் சிரிக்கவில்லையாம். “கிளாஸ் தெரியலன்னா இத்தன மாசம் எப்படி ஓட்டுனீங்க?”

“ஸ்பேனரால டேங்க்க தட்டிப் பாப்போம் சார். காலியா இருக்கற எடத்துல ஒரு மாதிரி கேக்கும், ரொம்பின எடத்துல ஒரு மாதிரி கேக்கும். எல்லா ஷிப்டுலயும் அப்படித்தான். அன்னிக்குப் பக்கத்துல புது கம்ப்ரஸர் ஓடுச்சு, சத்தம் கேக்கல.”

“அதாவது, கிளாஸ் இருக்கு, ஆனா பாக்காம தட்டிப் பாத்தீங்க.”

“பாத்தா தெரியாது சார்.”

“பாக்கலைன்னு எழுதிக்குங்க” என்றாராம்.

அஞ்சலை புருஷன் கையை எடுத்து மாடல் மேல் வைக்கப் போயிருக்கிறார். தாமு அண்ணன் பழக்கத்தில், “யம்மா, தொடாதீங்க, ரேகை விழும்” என்று சொல்லிவிட்டாராம். இதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துச் சொன்னார். அதனால் இது உண்மையாகத்தான் இருக்க வேண்டும்.

அப்போது வக்கீல் அஞ்சலையைப் பார்த்தாராம். “நீங்க சொல்லுங்கம்மா. அந்தக் குழாயில தண்ணி எதுவரைக்கும் நிக்குது?”

அந்த அம்மா குனிந்து பார்த்திருக்கிறார். “சிவப்புக் கோட்டுக்கு மேல சார்.”

“நல்லாத் தெரியுதா?”

“நல்லாத் தெரியுதுங்க.”

“நல்லாத் தெரிகிறது” என்று டைப் அடித்திருக்கிறார்கள். பிறகு ஏழுமலை தலையைத் திருப்பாமலே கேட்டாராம், “கொழா என்ன கலர்ல இருக்கு?”

“கலரே இல்லய்யா. தெளிவா இருக்குது.”

“அப்ப அது நம்ம டேங்க் இல்லடி.”

“டேங்க் உங்க அப்பன் வீட்டுதா?” என்று யாரோ சொல்ல, மறுபடி சிரிப்பாம். பதினைந்து நாளில் டிஸ்மிஸ் ஆர்டர். காரணம் கவனக்குறைவு. அந்த அம்மாவையும் கேண்டீனுக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

தாமு அண்ணன் இதைச் சொல்லி முடித்ததும் நான் கேட்டேன், “குமிழ் ஏதாவது தெரிஞ்சுதாண்ணா? ஏசி ரூம்ல சில சமயம் விரிசல் விடும்.”  “நீ எல்லாம் என்ன படிச்ச?” என்றார். இதில் படிப்பு எங்கே வந்தது? என் வேலையைப் பற்றித்தானே நான் கேட்க முடியும்?

இதற்கப்புறம் நான் பார்த்தது. ஜூலையில் ஒரு நாள் மதியம் சாப்பாட்டு நேரம். தாமு அண்ணன் ஒரு அம்மாவைக் கூட்டிக்கொண்டு பட்டறைக்குள் வந்தார். ராணிப்பேட்டையிலிருந்து அம்பத்தூர்வரை மூன்று பஸ் மாறி வந்திருக்கிறார்கள். அஞ்சலை. கையில் ஒரு மஞ்சள் பை. நான் எழுந்து நாற்காலி போட்டேன். மரியாதையில் எந்தக் குறையும் வைக்கவில்லை.

“நீதாம்மா அந்தக் கொழாவ செஞ்சதா?”

“ஆமாம்மா.”

“மொதல்ல கறையோட ஒண்ணு செஞ்சியாமே. அது இருக்குதா?”

தாமு அண்ணன் சொல்லியிருக்கிறார். அவர் அதைச் சொல்லியிருக்கக் கூடாது, அது வாடிக்கையாளர் விஷயம். ஆனால் கேட்ட பிறகு இல்லை என்று பொய் சொல்ல எனக்கு வராது. டிராயரிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அந்த அம்மா அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். ரொம்ப நேரம் பார்த்தார். 

“இதாம்மா. இதேதான். அச்சு அசல்.”

அக்கா, என் வேலையைப் பற்றி இதுவரை யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. நிஜமாகத்தான் சொல்கிறேன்.

“நீங்க டேங்க்க நேர்ல பாத்திருக்கீங்களாம்மா?”

“தெனம் பாப்பனே. சோறு குடுக்கப் போவேன் இல்ல. அந்தக் கொழாவுக்குப் பக்கத்துலதான் டிபன் டப்பாவ மாட்டுவேன். யம்மா, இத எனக்குக் குடு. கூட ஒரு காயிதத்துல, இந்த மாதிரி போட்டோ அவங்களே அனுப்புனாங்கன்னு ரெண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போடு. லேபர் கோர்ட்டுக்குப் போலாம்னு சங்கத்துல சொல்றாங்க. கையில எதுனா இருந்தாத்தான் நடக்குமாம்.”

இங்கேதான் நீங்கள் நன்றாகக் கேட்க வேண்டும். நான் மாட்டேன் என்று சொல்லவில்லை. யோசித்தேன். நான் அந்த டேங்கைப் பார்த்ததில்லை. பார்த்தது போட்டோ. கறையுள்ள போட்டோ பழையது, ஜனவரியில் கண்ணாடி மாற்றியாகிவிட்டது என்று பொறுப்பான ஒருவர் சொல்லியிருக்கிறார். நான் பார்க்காத ஒன்றுக்கு எப்படிக் கையெழுத்துப் போடுவது? அது நேர்மையா? அந்த அம்மாவிடம் அப்படியே சொன்னேன்.

“எது முன்னாடி எடுத்த போட்டோ, எது பின்னாடின்னு எனக்குத் தெரியாதும்மா. தெரியாம நான் எழுதக் கூடாது.”

“போட்டோ எனக்கும் தெரியாதும்மா. நான் கொழாவத்தான் பாத்தேன்.”

“அப்ப நீங்கதாம்மா எழுதணும்.”

“நான் சொன்னா எடுத்துக்க மாட்டங்கறாங்களே. நல்லாத் தெரியுதுன்னு நானே சொல்லிட்டேனாம். எழுதி வச்சிருக்காங்க.” கையிலிருந்த குழாயைத் திருப்பிப் பார்த்தார். “அங்க வச்சிருந்தது தெளிவா இருந்துச்சு. தெளிவா இருக்கறத வேற என்னான்னு சொல்றது?”

சரி, எழுத்துதான் முடியாது, குழாயையாவது கொடுக்கலாமா என்று ஜெயசீலன் சாருக்குப் போன் செய்து கேட்டேன். கேட்காமல் கொடுப்பது தவறு. நாங்கள் வேலைக்குச் சேரும்போது ஒரு தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறோம், வாடிக்கையாளர் வேலை எதுவும் வெளியே போகக் கூடாது என்று. அந்த மாதம்தான் எனக்கு வேலை நிரந்தரம் ஆக வேண்டிய மாதம். அதற்காக என்று நினைக்காதீர்கள். தாமு அண்ணன் அப்படித்தான் நினைக்கிறார்.

“கழிச்சுப் போட்டத ஏன் இன்னும் வச்சிருக்க? குப்பையில போடு” என்றார் சார்.

அந்த அம்மாவிடம் டீ சாப்பிடச் சொன்னேன். வேண்டாம் என்றார். குழாயை மேஜையில் வைத்துவிட்டு எழுந்தார். வாசல்வரை போய்த் திரும்பி, “உன் கை நல்ல கைதாம்மா” என்றார். பாராட்டாகத்தான் சொன்னார் என்று நான் எடுத்துக்கொண்டேன். தாமு அண்ணன் இல்லை என்றார். அவருக்கு எல்லாவற்றிலும் ஒரு குத்தல்.

அவர்கள் போன பிறகு குழாயைக் குப்பையில் போட்டேன். உடைத்துத்தான் போட வேண்டும், முழுசாகப் போட்டால் யாராவது எடுத்து நல்ல மாடலில் மாட்டிவிடுவார்கள். அதனால் உடைத்துப் போட்டேன். லேபர் கோர்ட்டில் என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. தாமு அண்ணன் என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டார்.

போன வாரம் அந்தத் தொழிற்சாலையிலிருந்து ஒரு மெயில் வந்தது. ‘கண்ணாடி மங்கிவிட்டது. அளவு தெரியவில்லை. உடனே மாற்றவும்.’ மாடலை இப்போது புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற ரூமில் ஜன்னல் ஓரம் வைத்திருக்கிறார்கள். ஒரு வருட வெயில். ரெசின் பழுத்துவிட்டது. அந்த ரெசின் வெயிலில் வைத்தால் மஞ்சளாகும் என்று டப்பாவின் பின்பக்கம் பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. நான் அதைப் படிக்கவில்லை. ஜெயசீலன் சார் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. “சகஜம்மா, போய் மாத்திட்டு வந்துடு, இலவசமா” என்றார். மெயில் வந்து நாலாவது நாள் புதுக் குழாய் தயார். வேறு ரெசின், பழுக்காதது. இன்றைக்கு லீவு நாள், பயிற்சி இருக்காது என்று வரச் சொன்னார்கள். முக்கால் மணி நேரத்தில் மாட்டிவிட்டேன்.

வரதராஜன் சாரே வந்து பார்த்தார். காபி கொடுத்தார். “இப்படித்தாம்மா இருக்கணும். புதுசா வர்றவன் பாத்தவுடனே ‘இது தெரியலையா அந்த ஆளுக்கு’ன்னு கேக்கணும்” என்றார். நான் தலையாட்டினேன். சாமானை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு வந்து இந்த பஸ்ஸில் ஏறினேன்.

ஒன்று மட்டும் சரிபார்த்தேன் அக்கா. புதன்கிழமை, புதுக் குழாய்க்கு அளவு எடுப்பதற்காக, ஜனவரியிலேயே மாற்றியாகிவிட்டது என்று அவர்கள் அனுப்பிய தெளிவான கண்ணாடிப் படத்தைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தேன். குழாயின் அடியில் ஒரு வெள்ளைப் புள்ளி. போன வருடம் அதை வெளிச்சம் பட்டுத் தெரிகிறது என்று நினைத்து விட்டுவிட்டேன். அது வெளிச்சம் இல்லை. புதுச் சாமான் உள்ளே வரும்போது ஸ்டோர்ஸில் ஒட்டுகிற சீட்டு. இன்னும் கிழிக்காமல் இருக்கிறது. அதில் பேனாவால் தேதி போட்டிருக்கிறார்கள். மார்ச் நாலு.